நாலு உருண்டை பச்சை!

குன்னூரில் இருந்து ஊட்டிக்குப் போகிற மலை ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போட்டோ எடுப்பீர்கள். குகை வந்தால் 'ஓ...' என்று கத்துவீர்கள். எதிர் சீட் குடும்பம் முறுக்கு நீட்டினால், 'அய்யோ வேணாங்க' என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வீர்கள். நானும் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் பையைத் திறந்து ரெண்டு அலுமினிய ஊசிகளை எடுத்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன்.

பெட்டியில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. முறுக்குக் குடும்பத்துக் குட்டிப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அம்மா... அந்த அண்ணன் நூடுல்ஸ் சாப்பிடறாரா?"

பல்பு நம்பர் ஒன்!

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் மூணாம் வருஷம். கோவைப் பக்கம் ஹாஸ்டல். ரெண்டு அரியர் (ஒன்று இந்த செமஸ்டரில் போய்விடும், நம்புங்கள்). கிரிக்கெட்டில் எக்ஸ்ட்ரா பிளேயர். எனக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியும். ஹாஸ்டலில் இது தெரிந்த நாளில் இருந்து என் பெயர் 'பாட்டி'. வார்டன்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எப்படி ஒட்டிக்கொண்டது இந்தப் பழக்கம்? 2020 மார்ச். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையே எழுதாமல் ஆல் பாஸ். குன்னூர்ப் பக்கம் அருவங்காட்டில் இருக்கிற அம்மிச்சி வீட்டுக்கு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவன், ஊரடங்கில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டேன். வெளியே மழை. உள்ளே நெட் கிடையாது. மூணாவது வாரத்தில் கேரம் போர்டின் ஸ்ட்ரைக்கரும் தொலைந்துபோனது. அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைத் தட்டித் தட்டி என்னவோ பண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 'குடுங்க, நானும் பார்க்கறேன்' என்றேன். அவ்வளவுதான் கதை.

பின்னல் தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி கிளாஸ். இதில் இருப்பதே ரெண்டு தையல்தான். முன்பக்கமாக ஊசியை விட்டு இழுத்தால் நிட். பின்பக்கமாக விட்டு இழுத்தால் பர்ல். ஒன்று, பூஜ்யம் மாதிரி! இந்த ரெண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே காலர், கை, பூ, ஜடை எல்லாம் வந்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இதைக் கேட்டதும் ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கிறார்கள். 'இதெல்லாம் பொண்ணுங்க வேலைடா' என்கிற மச்சிகளுக்கு ஒரே ஒரு விஷயம்: நீ போட்டிருக்கிற டி-ஷர்ட்டை பூதக்கண்ணாடி வைத்துப் பார். அதுவும் இதே தையல்தான். திருப்பூரே இந்த ஒரு தையலில்தான் சோறு சாப்பிடுகிறது. இதை முதலில் மெஷினுக்குக் கொண்டுவந்ததும் ஆண்தான். இங்கிலாந்தில் வில்லியம் லீ, 1589. மெக்கானிக்கல் ஆள்!

இப்போது கையில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் ஒன்றும் முடியவில்லை. ரூம்மேட்டுக்கு ஒரு சிவப்பு மஃப்ளர், போன டிசம்பரில் தருவதாகச் சொன்னது. அவன் ராமநாதபுரத்துக்காரன். வாழ்க்கையில் குளிர்ந்ததே இல்லை. ஆனாலும் ஐ.வி. போகும்போது போட்டோவுக்கு வேண்டுமாம். அப்புறம் ஒரு சாக்ஸ். 'ஒரு ஜோடி' இல்லை, ஒரு சாக்ஸ். குதிகால் திருப்புகிற இடத்தில் மூணு தடவை பிரித்துப் பிரித்து ஒருவழியாக முடித்தேன். முடித்த கையோடு, இதையே இன்னொரு காலுக்கும் பண்ண வேண்டும் என்று நினைத்ததும் எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். லேப் வைவாவுக்குக் காத்திருக்கிற நேரத்துக்கு என்று ஒரு வாட்டர் பாட்டில் கவர் வேறு. அதில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்த நேரம் பார்த்து ரெண்டு தையல் விட்டுப்போயிருக்கிறது. ஓட்டையைப் பார்த்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

நாலாவதுதான் பச்சை ஸ்வெட்டர். அதை நான் ஆரம்பிக்கவில்லை. அம்மிச்சி ஆரம்பித்தது. அப்பிச்சிக்காக.

அப்பிச்சி அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கோபிச்செட்டிபாளையம் பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஆள், இருபத்தி மூணு வயதில் இந்தக் குளிருக்கு வந்தவர். கல்யாணம் ஆகி வந்த அம்மிச்சி முதல் குளிர்காலத்தில் அழுதேவிட்டதாம். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காதான் ஊசியைக் கையில் கொடுத்து, 'அழுவாத, பின்னு' என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த ஊசி. அப்பிச்சி போட்ட ஸ்வெட்டர் எல்லாமே அம்மிச்சி கை வேலைதான். இப்போது போட்டுக்கொண்டு சாயங்காலம் கேட் ஓரம் நிற்கிற காபி கலர் ஸ்வெட்டருக்கு முழங்கையில் ரெண்டு பக்கமும் ஒட்டு. 'புதுசு வாங்கித் தர்றேன்'னு எங்கம்மா சொன்னால், "அதுதான் பச்சை வருதுல்ல" என்பார்.

பச்சை வந்துகொண்டேதான் இருந்தது. முதுகுப் பக்கம் முடிந்தது. முன்பக்கம் முடிந்தது. இடது கை முடிந்தது. வலது கைக்கு மணிக்கட்டுப் பட்டி மட்டும் போட்டு வைத்திருந்தபோது, போன ஐப்பசி மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து அம்மிச்சிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகு டம்ளர் பிடிக்க முடிகிறது. பூப் பறிக்க முடிகிறது. ஊசி மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. விரல் மடங்கினால் விரிவதற்கு யோசிக்கிறது.

"நான் முடிச்சுத் தர்றேனுங்க அம்மிச்சி" என்றேன்.

"வேண்டாஞ்சாமி. உன்ற கை இறுக்கம், என்ற கை லூஸு. ரெண்டும் சேராது."

இது சும்மா சாக்கு இல்லை பாஸ். பின்னுகிறவர்களுக்குத் தெரியும், ஆளுக்கு ஆள் கை மாறும். அம்மிச்சி பின்னினால் பத்து சென்டிமீட்டருக்கு 22 தையல். அதே நூல், அதே ஊசியில் நான் பின்னினால் 25. மேல்கையில் மொத்தம் 88 தையல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கை 40 சென்டிமீட்டர், இன்னொரு கை 35 சென்டிமீட்டர். அப்பிச்சி ஒரு பக்கம் ரஜினி, ஒரு பக்கம் நோஞ்சான் மாதிரி நிற்பார்.

நான் விடவில்லை. மூணு சைஸ் ஊசியில் மூணு சாம்பிள் துண்டு பின்னினேன். இந்த ஊசி நம்பர் ஒரு தனி காமெடி. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8-ம் நம்பர் 4 மில்லிமீட்டர். 10-ம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், ஒர்க்‌ஷாப்பில் கம்பி அளக்கிற வயர் கேஜ் கணக்கு! மெக்கானிக்கல் படித்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பிரயோஜனம். அம்மிச்சியுடையது 10-ம் நம்பர். அதில் எனக்கு 25 தையல். 9-ல் இருபத்தி மூணரை. 8-ம் நம்பரில் அச்சு அசலாக 22. சாம்பிளை அம்மிச்சி பின்னிய கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தது. "பரவால்லியே..." என்று மட்டும் சொன்னது. எங்கள் வீட்டில் அது டிஸ்டிங்ஷன்.

ஊசிப் பிரச்னை தீர்ந்தது. அடுத்தது நூல். இருப்பது அரை உருண்டை. ஒரு கைக்கு வேண்டியது 25 கிராம் உருண்டை நாலு. ஆரம்பத்தில் சரியாகத்தான் வாங்கியிருக்கிறது அம்மிச்சி. ஒரே லாட், இருபது உருண்டை. நடுவில் கீழ்வீட்டில் குழந்தை பிறந்ததும் மனசு கேட்காமல் தொப்பி, சாக்ஸ், கையுறை என்று அதில் கைவைத்துவிட்டது. 'பச்சக் கொழந்தைக்குப் பச்சை நல்லாருக்கும்னு...' என்று இழுக்கிறது. அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி!

ஆக, நாலு உருண்டை பச்சை நூல் வாங்கத்தான் இந்த ரயில் பயணம்.

பயணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்சார்ஜ் அண்ணன் 'இது டிராவல் பக்கம்டா' என்று திட்டுவார். மேட்டுப்பாளையத்தில் இருந்து மொத்தம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்துவிட்டது. ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு எப்போதோ ரிசர்வ் பண்ணியிருக்க வேண்டும். நம்ம பிளானிங்குக்கு அதெல்லாம் சரிப்படாது. குன்னூரில் இருந்து ஊட்டிக்கு ஜெனரல் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். பல்சக்கரம், நீராவி எல்லாம் குன்னூரோடு முடிந்துவிடும். மேலே டீசல்தான். ஆனால் வெலிங்டன், அருவங்காடு தாண்டியதும் கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும் பாருங்கள்... கேரட்டும் முட்டைக்கோசும் பாத்தி பாத்தியாக, யாரோ மேலே இருந்து நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை போட்ட மாதிரி.

கேத்தி ஸ்டேஷனில் எனக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம். என் கையில் இருந்த ஊசியின் தலையில் 'போனி' என்று எழுதியிருக்கும். அது வெளிநாட்டுச் சரக்கு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இங்கே, கேத்திப் பக்கம் எல்லநள்ளியில் இருக்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் பிராண்ட். 1949-ல் இங்கிலாந்துக் கம்பெனியின் கிளையாகத் தொடங்கியது. கம்பெனி சட்டம் படிக்கிற நண்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் துள்ளுவார்கள். பங்குதாரர் சண்டையில் 1981-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு அவர்கள் சிலபஸில் தவறாமல் இருக்கும். அவர்களுக்கு அது கேஸ், எனக்கு அது ஊசி. பிறந்த ஊர் வழியாகவே ஊசியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தபோது லேசாகப் புல்லரித்தது. முறுக்குக் குடும்பத்திடம் சொன்னேன். அவர்களுக்குப் புல்லரிக்கவில்லை.

ஜன்னல் ஓரம் வெள்ளை முண்டாசும் வெள்ளைச் சேலையுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் என் கையையே பார்த்தவர் கேத்தியில் இறங்கும்போது, "தம்பி, நூலைச் சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்திக்கோ. கை வலிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றிப் பார்த்தேன். வலிக்கவில்லை. அம்மிச்சி இதை ஏன் சொல்லித் தரவில்லை என்று அப்புறம் கேட்டதற்கு, "சொன்னேன். நீதான் கேக்கலை" என்று பதில் வந்தது.

ஊட்டி. சேரிங் கிராஸில் இருந்து கமர்ஷியல் ரோடு, அங்கிருந்து மெயின் பஜார். மூணு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சுவர் முழுக்கக் கலர் கலராக உருண்டைகள், மிட்டாய்க் கடை மாதிரி. கண்ணே கூசியது. என் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினேன்.

"இருக்கு தம்பி. பாட்டில் கிரீன். ப்யூர் உல்லன்."

நம்ம ஊரில் 'உல்லன்' என்பது ஒரு செல்லப் பெயர், அவ்வளவுதான். உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். கெமிஸ்ட்ரியில் பாலி அக்ரிலோநைட்ரைல் என்று மனப்பாடம் பண்ணினோமே, அதே பிளாஸ்டிக் சமாசாரம். தப்பில்லை. விலை குறைவு, அரிக்காது, மெஷினில் துவைக்கலாம். ரூம்மேட் மஃப்ளர் அதுதான். ஆனால் அம்மிச்சியின் பச்சை நிஜக் கம்பளி. பாதி ஸ்வெட்டர் கம்பளி, ஒரு கை அக்ரிலிக் என்றால் நாலு துவையலில் ஒன்று சுருங்கும், ஒன்று தொங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரெண்டு இஞ்ச் நூல், ஒரு தீப்பெட்டி போதும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகி எரியும், கடைசியில் கருப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். கடைக்காரரிடம் பர்மிஷன் கேட்டு வாசலில் வைத்துக் கொளுத்தினேன். கருப்பு மணி! அவரும் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அட, இதை யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்று தன் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல மனுஷன். ஆனால் நூல் இல்லை.

தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்தியர் மார்க்கெட்டுக்கும் போனேன். வரிசையாகக் கடைகள், மலை மலையாக ஸ்வெட்டர். நூல் கேட்டால் அந்தக் கடை அக்கா சிரித்தார். "லூதியானால இருந்து ரெடிமேடா வருது தம்பி. பின்ன யாருக்கு டைம்?" என்றார். சொல்லும்போது அவர் கையில் பாதி பின்னிய குழந்தைத் தொப்பி! 'இது?' என்று கேட்டேன். "இது சேல்ஸுக்கு இல்ல" என்று மடியில் மறைத்துக்கொண்டார். ரெண்டு பேரும் ஊசி நம்பர் விசாரித்துக்கொண்டோம். பத்து நிமிஷம் போனதே தெரியவில்லை. ரெண்டு கஸ்டமர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம்.

தோடர் எம்ப்ராய்டரி சால்வை விற்கிற கடை ஒன்றிலும் நுழைந்தேன். வாங்குவதற்கு இல்லை, பர்ஸ் அப்படி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக நூல் வேலை. அச்சு கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை இது. 88 தையல் எண்ணுவதற்குள் மூணு தடவை தப்பு விடுகிற நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். நீலகிரிக்கென்றே ஒரு செம்மறியாட்டு இனம் இருக்கிறது. நம்ம கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவானது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருகிற ஆடு! ஊட்டியில் இருந்து கூடலூர் போகிற வழியில் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆட்டுக்கு இங்கே வீடு, ஊசிக்கு இங்கே ஃபேக்டரி. நடுவில் நூல் உருண்டை மட்டும் நான் ஏறிய எந்தக் கடையிலும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வெறும் கையோடு குன்னூர் பஸ்ஸில் தூங்கி வழிந்தேன்.

குன்னூர் மார்க்கெட் உங்களுக்குத் தெரியுமா? படி படியாக இறங்கும், ஏறும். மீன் வாசமும் காபிக்கொட்டை வாசமும் ஒரே சந்தில் அடிக்கும். அருவங்காடு பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் சும்மா சுற்றினேன். பட்டன், ஜிப், ஸ்கூல் பேட்ஜ், லைனிங் துணி விற்கிற ஒரு பாய் கடை. அகலம் மொத்தமே நாலடி இருக்கும். நம்பிக்கையே இல்லாமல்தான் துண்டை நீட்டினேன். பாய் அதை வாங்கி விரலில் உருட்டினார்.

"இது நெசக் கம்பளியாச்சே. யாரு பின்னினது?"

"எங்க அம்மிச்சிங்க."

ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலே இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். திறந்ததும் பாச்சை உருண்டை நெடி. நாப்தலீன். உள்ளே பச்சை! லேபிளில் எழுத்தே அழிந்துபோன ஆறு உருண்டை.

தீப்பெட்டிக்குப் பையில் கையை விட்டேன். "வேணாம் தம்பி" என்று ஒரு உருண்டையைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்னதாக அரித்திருந்தது. "அந்துப்பூச்சி தின்னிருக்கு பாரு. பிளாஸ்டிக்கை அது தொடாது. உன் தீக்குச்சியை விட அது கெட்டி டெஸ்ட்."

பல்பு நம்பர் டூ. ஆனால் சந்தோஷமான பல்பு.

ஆறில் ரெண்டு உருண்டை பூச்சிக்குப் போயிருந்தது. மிச்சம் சரியாக நாலு! டியூப் லைட்டில் ரெண்டு பச்சையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வெளியே படிக்கு எடுத்துக்கொண்டு போய் வெயிலில் பார்த்தேன். ம்ஹூம். புதுசு ஒரு நூலளவு மஞ்சளடித்தது. வேற லாட். சாயம் போட்ட தொட்டி வேறு. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை விட்டால் வேறு கிடைக்காது. வாங்கினாலும் ஒரு கை மட்டும் வேறு கலரில் தெரியும். மூணு மாசம் நம்பிக்கொண்டிருந்த வேலை, இப்படி ஒரு நூலளவு மஞ்சளில் வந்து நிற்கிறது. கடைசியில் வாங்கிக்கொண்டேன். உருண்டை அறுபது ரூபாய். மலையில் பிளாஸ்டிக் பை கிடையாது என்பதால் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மிச்சி முதலில் நூலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. "சாப்பிட்டியா கண்ணு?" அப்புறம்தான் பேப்பரைப் பிரித்தது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.

"மஞ்சளு இருக்குது."

"ஆமாங்க அம்மிச்சி. கொஞ்சந்தான். யாருக்கும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்ல."

அப்புறம் முடிந்து வைத்திருந்த இடது கையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டது. விழுவதற்கு முன்னால் அது கடைசியாகப் பின்னி முடித்தது அந்தக் கைதான். அடுத்து என்ன செய்யப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மிச்சி, வேண்டாமுங்க. பிரிக்காதீங்க."

"ஏன்? ரெண்டு வரிசை பழசு, ரெண்டு வரிசை புதுசுன்னு மாத்தி மாத்திப் போட்டா ரெண்டு கையும் ஒரே மாதிரி வரும். உடம்பு ஒரு கலரு, கை ஒரு கலரு. டிசைனு பாரு."

அம்மிச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. லாட் மாறினால் பின்னுகிறவர்கள் செய்கிற வேலையே அதுதான். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கையில் இருந்தது அம்மிச்சி தையல். இனிமேல் அப்படி ஒன்று வரப்போவதில்லை. அதையும் பிரித்துவிட்டால் ஸ்வெட்டரில் ரெண்டு கையும் என்னுடையதாகிவிடும். இதை எப்படி வாயால் சொல்வது? "நீங்க பின்னினதுங்க அது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"அதுக்கென்ன? முதுகும் நெஞ்சும் நான் பின்னினதுதானே இருக்குது. அது போதும் அவருக்கு. நுனியைத் தேடிக் குடு, எனக்குத் தெரிய மாட்டேங்குது."

தேடிக் கொடுத்தேன். வலது கையால் பிடிக்க முடியாமல் இடது கையில் நுனியைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. 'சர்...'ரென்று ஒரே சத்தம். ரெண்டு மாச வேலை. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பிச்சி அதுவரைக்கும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர், சத்தத்தை மியூட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. எதிரே மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரெண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். நான் பிரிந்து வந்த நூலை அவர் கைகளில் சுற்ற ஆரம்பித்தேன். கைகளை எந்த அகலத்தில் பிடிக்க வேண்டும், எந்தச் சுற்றுக்கு எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. எத்தனை வருஷம் இப்படி நீட்டியிருப்பார்!

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும் (அந்த ரயில் குட்டிப் பையன் ஒரு தீர்க்கதரிசி). நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் ஒத்தி எடுத்து, கீழே ஒரு சொம்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும். காயும்போது நேராகிவிடும். கோயம்புத்தூரில் அரை நாள். குன்னூர் மூட்டத்தில் ரெண்டு நாள். எனக்குத் திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட். அடுப்படியில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ராத்திரி மூணு தடவை எழுந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காலையில் லேசான ஈரத்தோடேயே உருண்டையாகச் சுற்றி, அம்மிச்சி கட்டிக் கொடுத்த வர்க்கி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஹாஸ்டலில் இப்போது ரெண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பின்னுகிறேன். ஒரே ஊசியில் ரெண்டு கை, அப்போதுதான் அளவு மாறாது. ரெண்டு வரிசை பழசு, ரெண்டு வரிசை புதுசு. பகலில் உற்றுப் பார்த்தால் லேசாக வரி தெரிகிறது. ரூம்மேட் பார்த்துவிட்டு, "மச்சி, செம டிசைன்டா. என் மஃப்ளருக்கும் இப்படிப் போடு" என்கிறான். அவன் மஃப்ளரைத் தொட்டு ஒரு மாசம் ஆகிறது. அதை அவன் இன்னும் கவனிக்கவில்லை.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அருவங்காட்டில் இருந்து போன் வரும். 'சாப்பிட்டியா'வுக்கு அடுத்த கேள்வி அதுதான்.

"எத்தனை வரிசை சாமி?"

"நாப்பத்தி ஆறுங்க அம்மிச்சி!"

"நாப்பத்தி ரெண்டுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தையல் கூட்டினியா?"

எண்ணிப் பார்த்தேன். கூட்டவில்லை.

"பிரி" என்றது அம்மிச்சி.